எல்லோரும் லீவு போட்ட நாள்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று என் ஓரகத்தி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். சுத்தப் பொய். மூக்கு வரைக்கும் ஏறிப்போக என் கோபத்துக்குப் பொறுமை கிடையாது, வாய்க்கு வந்ததும் வெளியே குதித்துவிடும். ஆனால் குழந்தைகள் காப்பக விஷயத்தில் எனக்கு வந்தது நியாயமான கோபம். அதிலும் பாதி என்மேலேயே வந்தது.

எங்கள் சந்து ஒரு பெரிய கிடங்கின் பின்சுவரை ஒட்டி ஓடுகிறது. ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் வரிசையாக ஒற்றை அறை வீடுகள், மேலே தகரம். எதிரும் புதிருமாக இரண்டு பேர் வந்தால் ஒருவர் பல்லி மாதிரி சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். சண்டை போட்டுக்கொண்ட இருவர் வந்தால் யார் ஒட்டிக்கொள்வது என்று இன்னொரு சண்டை நடக்கும். நானும் என் ஓரகத்தியும் கையில் தண்ணீர்க் குடத்தோடு அப்படி நின்று, பின்னால் வந்தவர்களையெல்லாம் வரிசையில் நிற்கவைத்திருக்கிறோம். அவள் என் கொழுந்தனின் மனைவி. அடுத்த வீட்டுக்காரி. நான் கட்டிய கொடியில் கூசாமல் தன் துணியைக் காயப்போடுகிறவள்.

நான் ஒரு துணிக் கம்பெனியில் பிசிறு வெட்டுகிறேன். தைத்து முடிந்து வரும் சட்டையை உதறி, நீட்டிக்கொண்டிருக்கும் நூலையெல்லாம் சின்னக் கத்தரியால் வெட்டித் தள்ள வேண்டும். காலையில் கம்பெனி வேன் சாலை முனையில் வந்து நிற்கும். நிற்கும் என்றா சொன்னேன்? கொஞ்சம் மூச்சு வாங்கும், அவ்வளவுதான். ஏறியவர் ஏறியவர், விட்டவர் விட்டவர். என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். அவர் வீட்டிலிருக்கும் நாட்களில் எங்களுக்கே அவர் விருந்தாளி மாதிரிதான் தெரிவார்.

எனக்கு இரண்டு பெண்கள். பெரியவளுக்குப் பதினொரு வயது. சின்னவளுக்கு இன்னும் இரண்டு முடியவில்லை, அவளைக் குட்டி என்போம். பக்கத்தில் குடியிருந்த ஒரு அம்மா குட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று அவர் வீட்டைக் காலி செய்துகொண்டு மகனோடு போய்விட்டார். வேறு ஆள் கிடைக்கிற வரைக்கும் ஒரு வாரம் வீட்டில் இரு என்று பெரியவளிடம் சொன்னேன். அவளும் தலையை ஆட்டிக்கொண்டு புத்தகப் பையை ஆணியில் மாட்டினாள். அந்த ஒரு வாரம் ரப்பர் மாதிரி நீண்டுகொண்டே போயிற்று.

பெரியவள் வீட்டில் இருக்கிறாள் என்று தெரிந்ததும் சந்தில் மற்றவர்களுக்கும் வழி பிறந்தது. கட்டட வேலைக்குப் போகிறவள் தன் மகனைக் கொண்டுவந்து விட்டாள். ஓரகத்தி ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறவள். என்னோடு பேச்சு வார்த்தை இல்லாத நாட்களிலும் அவள் பையன் மட்டும் காலையில் என் வீட்டு வாசலில் வந்து நிற்பான். யாரைக் குறை சொல்ல? விடாதவர்கள் குழந்தையை உள்ளே வைத்து வெளியே பூட்டிக்கொண்டு போனார்கள். பூட்டிய கதவுக்குப் பின்னால் அழுகிற குரலைக் கேட்டுக்கொண்டே வேனைப் பிடிக்க ஓடுகிற அனுபவம் எங்கள் எல்லோருக்கும் உண்டு. கொஞ்ச தூரம் போனதும் கேட்காது. கேட்காத தூரத்துக்குச் சீக்கிரம் போய்விட வேண்டும் என்றுதான் ஓடுவோம்.

பெரியவளின் வகுப்பு டீச்சர் ஒருநாள் சாலையில் என்னைப் பிடித்துக்கொண்டார். புதுப் பருவம் தொடங்கும்போது பெண் வந்து உட்காரவில்லையென்றால் பெயரை எடுத்துவிடுவார்கள், அப்புறம் சேர்ப்பது கஷ்டம் என்றார். நன்றாகப் படிக்கிற பெண்ணம்மா என்று வேறு சொன்னார். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். அன்றைக்கு நான் வெட்டிய சட்டைகளில் ஒன்றில் நூலோடு துணியையும் வெட்டிவிட்டேன். சூப்பர்வைசர் கத்தினான். எனக்குக் காதில் விழவில்லை.

இந்த நேரத்தில்தான் மைக் அக்கா காப்பகச் செய்தியைக் கொண்டுவந்தாள். மைக் அக்கா எங்கள் சந்துச் சங்கத்தின் தலைவி. ஒரு பெரிய ஆபீஸ் கட்டடத்தில் தரை துடைக்கிறாள். சந்தின் இந்த முனையில் நின்று அவள் இருமினால் அந்த முனையில் தூங்குகிற குழந்தை எழுந்துகொள்ளும், பெயர்க் காரணம் அதுதான். ஆனால் அந்தக் குரலால்தான் எங்களுக்குக் குழாய் வந்தது, சாக்கடைக்கு மேல் பலகைக் கல் வந்தது, வாரம் ஒருமுறை நர்ஸ் வருகிறார். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பது அவளுக்கு மந்திரம். எங்களுக்காகவும் சேர்த்து அவளே அழுதுவிடுவாள்.

நகராட்சி சந்துக்குச் சந்து காப்பகம் திறக்கிறது, ஆனால் இடமும் ஆளும் சந்துக்காரர்களுடையதாக இருக்க வேண்டும் என்றாள். அறையை நாம் கொடுக்க வேண்டும். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள நம்மிலேயே ஒருத்தி பயிற்சிக்குப் போக வேண்டும். பால், பாய், பொம்மை, அந்த ஒருத்திக்குச் சம்பளம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. வெல்டர் அண்ணன் கடையைப் பெரிய சாலைக்கு மாற்றிவிட்டதால் அவருடைய பழைய அறை சும்மா கிடந்தது. கேட்டதும் கொடுத்துவிட்டார். கொடுத்ததோடு நிற்காமல், பெரியவர்கள் தாண்டலாம், குழந்தைகள் தாண்ட முடியாது என்ற உயரத்தில் வாசலுக்கு ஒரு குட்டிக் கதவும் செய்து போட்டார். நெருப்புப் பொறி விழுந்து கருத்த தரையை நாங்கள் முறைவைத்துத் தேய்த்தோம்.

பயிற்சிக்கு யார் போவது என்று கேட்டபோது என் ஓரகத்தி கையைத் தூக்கினாள். இவளா என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஆனால் அவள் விடுமுறை நாளெல்லாம் போய்ப் பயிற்சி எடுத்துக்கொண்டு வந்து, குழந்தைக்குத் தொண்டையில் ஏதாவது சிக்கினால் எப்படித் தட்ட வேண்டும் என்று தன் பையனைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டிக் காட்டினாள். வாய் நீளம் என்றாலும் அவள் வேலை சுத்தம். அதை நான் எப்போதும் மறுத்ததில்லை, அவளிடம் சொன்னதும் இல்லை.

பாக்கி ஒன்றே ஒன்று. இந்தச் சந்துக்குக் காப்பகம் தேவைதானா என்று நகராட்சி அதிகாரியம்மா ஒருவர் நேரில் வந்து பார்க்க வேண்டும்.

வருகிற நாள் தெரிந்ததும் மைக் அக்கா எல்லோரையும் கூட்டினாள். வீடு தேடி வருகிறவரை ஆளில்லாத வீடும் பூட்டிய கதவுமா வரவேற்கும் என்று கேட்டாள். நாம் என்ன அனாதைகளா என்றும் கேட்டாள். அன்றைக்கு யாரும் வேலைக்குப் போகக் கூடாது, எல்லோரும் லீவு, சொல்லிவிட்டேன் என்று கையை வீசினாள். ஒருத்தரும் மறுக்கவில்லை. மறுக்கத் தோன்றவில்லை என்பதுதான் உண்மை. வீட்டுக்கு ஒருவர் வருகிறார் என்றால் வீட்டில் இருப்பதுதானே மரியாதை?

அந்த நாளை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வருகின்றன. விடிந்ததும் சந்து முழுக்க சோப்பு வாசனை. பிள்ளைகளைத் தேய்த்துத் தேய்த்துக் குளிப்பாட்டி, பவுடர் அப்பி, தலை வாரி, இருப்பதில் நல்ல துணியைப் போட்டுவிட்டோம். கட்டட வேலைக்காரி எங்கிருந்தோ ஒரு தொட்டிச் செடியை இரவல் வாங்கி வாசலில் வைத்தாள். ஒவ்வொரு வாசலிலும் ஒரு அம்மா, ஒவ்வொரு மடியிலும் ஒரு குழந்தை, போட்டோ எடுக்க உட்கார்ந்த மாதிரி. நான் வீட்டில் இருக்கிறேன் என்றதும் பெரியவளுக்குத் தலைகால் புரியவில்லை. இன்னைக்கு ஒருநாள் ஸ்கூலுக்குப் போகட்டுமாம்மா என்று கேட்டாள். போடி என்றேன். சீருடையை மாட்டிக்கொண்டு, நான் மனம் மாறிவிடுவேனோ என்று பயந்தவள் போல ஓடியே போய்விட்டாள்.

அதிகாரியம்மா நல்ல மாதிரி. செருப்பைக் கழற்றிவிட்டு வெல்டர் அறைக்குள் வந்தார், குட்டிக் கதவைத் தாண்டும்போது சிரித்தார். ஒவ்வொரு வாசலிலும் நின்றார். குட்டியின் கன்னத்தைத் தட்டி, இது ஒன்றுதானா என்று கேட்டார். பெரியவள் ஸ்கூலுக்குப் போயிருக்கிறாள் மேடம் என்றேன். பொய் இல்லை. அன்றைக்குப் போயிருந்தாள். டீ குடித்துவிட்டு, குழந்தைகள் எல்லாம் எவ்வளவு சுத்தமாக இருக்கின்றன என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். மைக் அக்கா சாலை வரைக்கும் போய் வழியனுப்பிவிட்டு வந்து, காரியம் முடிந்தது என்றாள்.

முடிந்துதான் போயிற்று. சில நாள் கழித்துப் பதில் வந்தது. தாய்மார்கள் வீட்டிலிருந்தே குழந்தைகளைக் கவனித்துக்கொள்கிறார்கள், ஆகவே இந்தச் சந்துக்குக் காப்பகம் தேவையில்லை என்று எழுதிவிட்டாராம். இதைச் சொல்லும்போது மைக் அக்காவின் குரல் எங்கள் வீட்டு வாசலையே தாண்டவில்லை.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை ஒரு சந்தே சேர்ந்து, ஒருநாள் கூலியையும் விட்டுவிட்டு, பவுடர் போட்டுக்கொண்டு செய்திருக்கிறது. நான் மைக் அக்காவைப் பிடிபிடியென்று பிடித்தேன். எல்லாரையும் வீட்டில் உட்காரவைத்தது யார் என்றேன். நீ மட்டும் போயிருக்க வேண்டியதுதானே, உன் காலை யார் கட்டினார்கள் என்றாள் அவள். அது சரியான கேள்வி என்பதால் எனக்கு இன்னும் கோபம் வந்தது. உள்ளே பெரியவள் குட்டிக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். எங்கள் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கும். புத்தகப் பையை ஆணியிலிருந்து எடுத்துப் பரண்மேல் வைத்துவிட்டாள்.  

மறுநாள் காலையிலேயே மைக் அக்காவை இழுத்துக்கொண்டு அதிகாரியம்மாவின் அலுவலகத்துக்குப் போனேன். அறைக்கு வெளியே நீளப் பெஞ்சில் வெகுநேரம் உட்காரவைத்தார்கள். உள்ளே போனதும் மைக் அக்கா வணக்கம் சொல்லி, நலம் விசாரித்து, மழை வெயில் எல்லாம் பேசினாள். விஷயத்துக்கு வருவதற்குள் மாலையாகிவிடும் போலிருந்தது. நான் குறுக்கே புகுந்தேன்.

எங்களுக்கு ஏன் மேடம் இல்லையென்று எழுதினீங்க என்று கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "நான் கண்ணால பார்த்ததைத்தானே எழுத முடியும்? ஒவ்வொரு குழந்தையும் அம்மா மடியில இருந்துச்சு. இதைவிட நல்லா எந்தக் காப்பகம் பார்த்துக்கும்?"

"நீங்க வர்றீங்கன்னுதான் மேடம் மடியில இருந்துச்சு. மத்த நாள்ல எங்க மடியில சட்டைதான் இருக்கும்."

அவர் பேனாவை மூடி வைத்தார். போகிற இடமெல்லாம் இப்படித்தான் என்றார். ஒரு இடத்தில் சுவரில் சாய்ந்தபோது ஈரப் பெயின்ட் முதுகில் ஒட்டிக்கொண்டதாம். எல்லோரும் நல்லதை மட்டும் காட்டுகிறீர்கள், இல்லாததை நான் எப்படிக் கண்டுபிடிப்பது என்று அலுத்துக்கொண்டார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் நியாயத்தைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குத் திரும்புவதற்கு நான் வரவில்லை.

"அப்ப சொல்லாம வாங்க மேடம்" என்றேன். "வேலை நாள்ல வாங்க. ஒருத்தரும் வீட்ல இருக்க மாட்டோம். டீகூடக் கிடைக்காது."

மைக் அக்கா மேசைக்கு அடியில் என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். அதிகாரியம்மா எதுவும் வாக்குக் கொடுக்கவில்லை. மாதக் கடைசியில் எல்லா இடங்களின் முடிவும் மேலே போய்விடும், அதற்குள் முடிந்தால் பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னார். மாதக் கடைசி முடிந்ததும் பள்ளிக்கூடத்தில் புதுப் பருவம் தொடங்கிவிடும்.

அதற்குப் பிறகு மைக் அக்காவைக் கட்டிக் காப்பதுதான் எங்களுக்குப் பெரிய வேலையாகிவிட்டது. ஆளில்லாத சந்தில் ஒரு அதிகாரி தனியாக வந்து நிற்பார் என்ற நினைப்பையே அவளால் தாங்க முடியவில்லை. சந்து முனையில் ஒரு நாற்காலியாவது போட்டுவைக்கலாமே என்றாள். வேண்டாம் என்றோம். பிளாஸ்கில் டீ? வேண்டாம் என்றோம். ஒருநாள் காலையில் காய்ச்சல் என்று படுத்துக்கொண்டாள். நெற்றியில் கைவைத்துப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது. பஸ்ஸில் ஏற்றிவிட்டு, அது நகர்ந்த பிறகுதான் நான் என் வேனுக்கு ஓடினேன்.

நாட்கள் போயின. ஒவ்வொரு மாலையும் வீட்டுக்கு வந்ததும் யாராவது வந்தார்களா என்று கேட்பேன். இல்லை என்பாள் பெரியவள். அவளுக்கு நான் விஷயத்தைச் சொல்லியிருக்கவில்லை. ஆசையைக் காட்டிவிட்டு மறுபடி பறிக்கவேண்டாம் என்று நினைத்தேன்.

மாதக் கடைசி நெருங்கிய ஒரு மாலை, நான் கேட்பதற்கு முன்பே அவள் சொன்னாள்.

"ஒரு ஆன்ட்டி வந்தாங்கம்மா. நான் கதவைத் திறக்கல."

 யாரடி, எப்படி இருந்தாள் என்று கேட்டேன். கண்ணாடி போட்டிருந்தார்கள், பை மாட்டியிருந்தார்கள் என்றாள். அவரேதான். நான் கத்திய கத்தலில் குட்டி அழ ஆரம்பித்துவிட்டாள். திறந்திருந்தால் என்ன, வந்தவரை வாசலிலேயே நிற்கவைத்து அனுப்பினாயா, உன் தலையில் நீயே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாயே என்று என்னென்னவோ சொன்னேன். பெரியவள் குட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"நீதானம்மா சொன்ன, யார் வந்தாலும் திறக்கக் கூடாதுன்னு."

ஆமாம். தினமும் வேனுக்கு ஓடும்போது நான் சொல்லிவிட்டுப் போகிற வார்த்தை அதுதான். அவள் ஒருநாளும் மீறியதில்லை. நான் வெளியே வந்து கிடங்குச் சுவரைப் பார்த்து நின்றேன். என் கொடியில் ஓரகத்தியின் ஈரத் துணி தொங்கிக்கொண்டிருந்தது. அதைச் சாக்காக வைத்து அவளையும் ஒரு பிடி பிடித்தேன். அவள் துணியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, அழாதக்கா என்றாள். அப்போதுதான் நான் அழுதுகொண்டிருக்கிறேன் என்பது எனக்கே தெரிந்தது. ஓட்டல் வேலையை விட்டுவிடப் போகிறேன் என்று அவளும் முதலாளியிடம் சொல்லிவைத்திருந்தாள், அவளுக்கும் அது பெரிய அடிதான்.

இரண்டொரு நாளில் அதிகாரியம்மா கூப்பிட்டு அனுப்பினார். இல்லை என்று சொல்வதற்கு எதற்கு நேரில் வரச்சொல்ல வேண்டும் என்று புலம்பிக்கொண்டே நானும் மைக் அக்காவும் போனோம். இந்தத் தடவை பெஞ்சில் உட்காரவைக்கவில்லை. மைக் அக்கா வாய் திறப்பதற்குள் நானே மன்னிப்புக் கேட்டேன். சின்னப் பெண் மேடம், தெரியாமல் கதவைத் திறக்கவில்லை என்றேன்.

"திறந்திருந்தா நான் எட்டிப் பார்த்துட்டுப் போயிருப்பேன்மா" என்றார் அவர்.

பிறகு நடந்ததைச் சொன்னார். சந்துக்குள் வந்தபோது வீட்டுக்கு வீடு பூட்டு தொங்கியது. ஒரு பூட்டுக்குப் பின்னால் குழந்தை ஒன்று கதவைத் தட்டிக்கொண்டே இருந்தது. திறக்கவும் வழியில்லை, விட்டுவிட்டு நகரவும் முடியவில்லை. அப்போது வரிசையில் ஒரு வீட்டுக்குள்ளிருந்து பெண் குரல் கேட்டது. சாப்பிட்டால்தான் வெளியே விடுவேன், அவன் தட்டில் கைவைக்காதே, யாரடா மூக்கை உறிஞ்சுவது, இங்கே வா துடைத்துவிடுகிறேன் என்று ஒரே அதட்டல். சரி, இந்த வீட்டிலாவது அம்மா இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு அவர் கதவைத் தட்டியிருக்கிறார். அம்மா வேலைக்குப் போயிருக்கிறார்கள், யாருக்கும் திறக்கக் கூடாது என்று அதே குரல் உள்ளேயிருந்து பதில் சொல்லியிருக்கிறது. அப்போதும் அவருக்குப் புரியவில்லை. பிறகு எதையோ இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது. உயரத்தில் இருந்த ஜன்னல் கம்பிக்குப் பின்னால் ஒரு சின்ன முகம் வந்தது. டிரம்மின் மேல் ஏறி நின்றுகொண்டு, இடுப்பில் ஒரு குழந்தையோடு, வெயிலில் வந்திருக்கிறீர்கள், தண்ணீர் குடியுங்கள் என்று கம்பிவழியே டம்ளரை நீட்டியிருக்கிறாள்.

மைக் அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். வந்தவருக்குத் தண்ணீராவது கிடைத்ததே என்று அவளுக்கு ஒரு நிம்மதி.

அதிகாரியம்மா ஜன்னலுக்குக் கீழே படியில் உட்கார்ந்து அவளோடு பேசிக்கொண்டிருந்தாராம். எந்த வகுப்பு, எந்த டீச்சர், எந்தப் பாடம் பிடிக்கும் என்று கேட்டிருக்கிறார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாளாம். பிறகு எப்போது பள்ளிக்கூடம் போவாய் என்று கேட்டிருக்கிறார்.

"என்ன சொன்னா தெரியுமா? தங்கச்சி பெருசானதும் போவேன்னு சொன்னா."

சொல்லிவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். நான் தரையைப் பார்த்தேன். என் பெண் என்னிடம் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. எப்போது போவேன் என்று கேட்டதும் இல்லை. அவளாகவே ஒரு கணக்குப் போட்டு, அதை மனத்துக்குள் வைத்துக்கொண்டு, தங்கச்சி வளர்வதற்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறாள். உங்கள் சந்துக்குக் காப்பகம் வேண்டும் என்று மாற்றி எழுதிவிட்டேன் என்றார் அதிகாரியம்மா. சண்டை போட வாய் திறக்கிற நான், நன்றி சொல்ல வாய் வராமல் நின்றேன். எனக்கும் சேர்த்து மைக் அக்கா சொன்னாள், பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்கு.

காப்பகம் திறந்தது புதுப் பருவம் தொடங்கிய அதே காலையில். விழா கிழா எதுவும் வேண்டாம், யாரும் லீவு போடக் கூடாது என்று நான் முன்கூட்டியே கறாராகச் சொல்லிவிட்டேன். மைக் அக்காவுக்கு வருத்தம்தான். அதனால் வேலைக்குப் போகிற வழியில் நின்று, குட்டிக் கதவைத் தாண்டி உள்ளே போய், சுவரைத் தொட்டுப் பார்த்து, பாலை மோந்து பார்த்து, ஒவ்வொரு குழந்தையையும் மிரட்டிக் கொஞ்சிவிட்டுப் போனாள்.

உள்ளே புதுப் பாய் விரித்திருந்தது. என் ஓரகத்தி தலையை இழுத்துக் கட்டிக்கொண்டு, ராணி மாதிரி நடுவில் உட்கார்ந்திருந்தாள். கட்டட வேலைக்காரியின் மகன் வந்தவுடனேயே ஒரு பந்தைப் பிடுங்கிக்கொண்டு மூலைக்குப் போய்விட்டான். தினம் பூட்டிய கதவைத் தட்டிக்கொண்டிருந்த குழந்தை இங்கே வெல்டர் அண்ணனின் குட்டிக் கதவைத் தட்டிப் பார்த்தது. யாராவது வரும்போதெல்லாம் அது திறந்து மூடுவதைக் கண்டதும் அதுவே அதற்கு விளையாட்டாகிவிட்டது.

பெரியவள் சீருடையில் வந்தாள். பை முதுகில், குட்டி இடுப்பில். நான் குட்டியை வாங்கக் கை நீட்டினேன். வரவில்லை. அக்காவின் கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஓரகத்தி எழுந்து வந்து பொம்மையை ஆட்டிக் காட்டி, பேச்சுக் கொடுத்து, மெதுவாக விரல் விரலாகப் பிரித்து எடுத்தாள். குட்டி ஒரு மூச்சு இழுத்து, வீறிட்டாள்.

"அம்மா!"

நான் இதோ வந்தேன் என்று குனிந்தேன். ஆனால் குட்டி கையை நீட்டியது என்னைப் பார்த்து இல்லை. என்னைத் தாண்டி, பெரியவளைப் பார்த்து நீட்டினாள். அம்மா, அம்மா என்று அவளைத்தான் கூப்பிட்டாள்.

எங்கோ குத்தியது. பெற்றவள் நான் நிற்கிறேன். ஓரகத்தி பார்க்கிறாள். ஆனாலும் என்னால் குட்டியைக் கோபிக்க முடியவில்லை. கண் விழித்த நேரமெல்லாம் பக்கத்தில் யார் இருந்தார்களோ அவளைத்தானே குழந்தை அப்படிக் கூப்பிடும்? இது என் வீட்டில்தான் நடந்திருக்கிறது. நான் சட்டை சட்டையாகப் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தபோது நடந்திருக்கிறது.

பெரியவள் பையோடு திரும்பி வந்தாள். போகமாட்டேன் என்று சொல்லிவிடுவாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது. குட்டிக் கதவுக்கு வெளியே மண்டியிட்டு, தங்கையின் முகத்தைத் தன் புதுக் கைக்குட்டையால் துடைத்தாள்.

"நான் அம்மா இல்லடி. அம்மா அதோ நிக்கிறாங்க பாரு. நான் அக்கா. அக்கா ஸ்கூலுக்குப் போகணும்."

குட்டிக்கு என்ன புரிந்ததோ தெரியாது. பெரியவளுக்குப் புரிந்துவிட்டது. எழுந்தாள், பையைச் சரிசெய்துகொண்டாள். என்னைப் பார்த்து வர்றேம்மா என்றாள். சந்தில் எதிரே குடத்தோடு வந்த யாரோ சுவரோடு ஒட்டி வழிவிட்டார்கள். நடக்க ஆரம்பித்தவள் முனையை நெருங்கும்போது ஓடிக்கொண்டிருந்தாள். பின்னால் அழுகைச் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது, ஆனால் என் ஓரகத்தி அதற்குள் குட்டியைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு என் வேன் போய்விட்டது. நான் நடந்தே கம்பெனிக்குப் போனேன்.